எண்ணெய் போட்ட தாழ்ப்பாள்

கேகிலாவின் வாசலுக்கு ஒரே ஒரு குறுக்கு மரம்தான் தாழ்ப்பாள். கர்வாலி மரத்தில் செய்தது. இரண்டு ஆள் நீளம். வலப்பக்கச் சுவருக்குள் உள்ள பொந்திலிருந்து அதை இழுத்து, இரண்டு கதவுகளுக்கும் குறுக்கே ஓட்டி, இடப்பக்கப் பொந்தில் செருக வேண்டும். ஒரு காலத்தில் அது இழுக்கும்போதெல்லாம் கத்தும். கன்று ஈனும் பசு மாதிரி என்று பெண்கள் சொல்வார்கள். எத்னான் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிற மாதிரி என்று ஆண்கள் சொல்வார்கள், எத்னான் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. அந்தச் சத்தத்தில்தான் ஊர் எழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் பொழுது சாய்ந்ததும் ஆடுகள் மேடேறின.

பிறகு பத்து வருடம் அது கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்பது எத்னானையும் யாமீனையும் அவர் மனைவி நாராளையும் தவிர யாருக்கும் தெரியாது.

யாமீன் வாசல்காரர். அவர் அப்பாவும் வாசல்காரர். குட்டையான மனிதர், கைகள் மட்டும் வேறு யாரோ உயரமானவரிடம் கடன் வாங்கியவை போல முழங்கால் வரை தொங்கும். ஊருக்குள் வருகிறவர்களை எங்கிருந்து வருகிறாய் என்று எல்லா வாசல்காரரும் கேட்பார்கள். யாமீன் ஏன் வருகிறாய் என்று கேட்பார். பானை விற்க வந்தவன் பானை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "பானை சரி, உங்க ஊர்ல பானை விக்கலயா? ஏன் விக்கல?" என்று போய்க்கொண்டே இருக்கும். வியாபாரிகள் அவரிடம் மாட்டிக்கொள்ளாமலிருக்கக் கூட்டமாக வருவார்கள்.

ஆனால் ஊர் மூப்பர்களிடம் அவர் எதையும் கேட்டதில்லை. திற என்றால் திறப்பார். சாத்து என்றால் சாத்துவார். மூப்பர்களில் பெரியவர் எத்னான். எங்கள் ஊரின் பெரிய களம் அவருடையது. அவர் வாயைத் திறந்து முழுவாக்கியம் சொல்ல வேண்டியதுகூட இல்லை. "யாமீனு, கதவு" என்பார். சாத்தியிருந்தால் திற என்று அர்த்தம், திறந்திருந்தால் சாத்து.

பெலிஸ்தர் வந்த வருடம் கோதுமை முழுக்கக் களத்தில் கிடந்தது. களங்கள் ஊருக்கு வெளியே, மேற்குச் சரிவில். நாங்கள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மதில் மேல் நின்று, எங்கள் கோதுமை அவர்கள் கழுதைகள் மேல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒரு கூட்டம் வந்து பெலிஸ்தரை அடித்துத் துரத்தியது. ஈசாயின் மகன் தாவீதும் அவரோடு அறுநூறு பேரும். சவுல் ராஜாவுக்குப் பயந்து காட்டில் ஒளிந்து திரிந்தவர்கள். பெலிஸ்தரின் மாடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்குள் வந்தார்கள். அன்று ஊரில் எல்லா வீட்டிலும் இறைச்சி வெந்தது.

அவர்களில் யாதா என்று ஒருவன். பல் விழுந்த ஈட்டிக்காரன். வாசல் நிழலில் வந்து உட்காருவான். யாமீன் விடுவாரா?

"ஏம்ப்பா, உங்களுக்கே தலைக்கு மேல கத்தி. எங்களக் காப்பாத்த ஏன் வந்தீங்க?"

"எங்க ஆளு கேட்டார். போன்னு பதில் வந்துச்சு. வந்தோம்."

அந்தக் கூட்டத்தில் ஓர் ஆசாரியன் இருந்தான். அவனிடம் ஏபோத்து என்ற ஆசாரிய அங்கி இருந்தது. அதைக் கொண்டுவரச் சொல்லி, போகலாமா வேண்டாமா, வருவானா வரமாட்டானா என்று கர்த்தரிடம் கேட்பார்கள். பதில் ஆம், இல்லை என்று வரும்.

"ஒரு தடவை இல்ல. ரெண்டு தடவை கேட்டார்" என்றான் யாதா.

"ஏன், முதல் தடவை வந்த பதில் காதுல விழலையா?"

"அவருக்கு விழுந்துச்சு. எங்களுக்குத்தான் விழல. இங்கயே உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கோம், இதுல பெலிஸ்தன்கிட்ட வேற போகணுமான்னு கத்துனோம். வேற ஆளா இருந்தா எங்களை வெட்டியிருப்பான், இல்ல எங்க பேச்சைக் கேட்டிருப்பான். இவரு மறுபடியும் போய்க் கேட்டார். அதே பதில் வந்துச்சு. சரி, இனிமே என்ன பண்றதுன்னு கெளம்பிட்டோம்."

யாமீனுக்கு இது ஆச்சரியமாக இருந்தது. அறுநூறு பேர் கையில் இருக்கிறார்கள். ஆனாலும் அடுத்த அடி எங்கே என்று கேட்டுவிட்டு வைக்கிற மனிதர். யார் அவர் என்று கூட்டத்தில் தேடிப் பார்த்தார். எல்லோர் மேலும் ஒரே புழுதி. பிற்காலத்தில் அவர் ராஜாவான பிறகு, பார்ப்பதற்கு எப்படி இருந்தார் என்று ஊரில் யாராவது கேட்டால் யாமீன், "அறுநூறு பேர்ல ஒருத்தர்" என்பார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

சில வாரங்கள் போயின. சவுல் ராஜா படை திரட்டுகிறார் என்ற செய்தி வந்தது. தாழ்ப்பாளும் கதவும் உள்ள ஊருக்குள் தாவீது தானாகவே போய் மாட்டிக்கொண்டான் என்று அவர் சொன்னதாகப் பேச்சு. மறுநாள் காலையில் எத்னான் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு ஜாடி.

"யாமீனு, இந்தச் சனியன் கத்துறது காதக் கிழிக்குது. ரெண்டு பொந்துலயும் எண்ணெய் விடு."

அவர் வீட்டு ஒலிவ எண்ணெய். முதல் பிழிவு. சொந்த மருமகனுக்கே அளந்து ஊற்றுகிற மனிதர் ஒரு ஜாடி நிறையக் கொண்டுவந்திருந்தார். பானை வியாபாரியை அரை நாள் நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் யாமீன், ஜாடியை வாங்கினார், ஊற்றினார், துணியால் மரத்தை நீவிவிட்டார். மாலையில் இழுத்துப் பார்த்தபோது அது நிழல் நகர்வதுபோல நகர்ந்தது.

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில், தாவீதின் ஆட்கள் மூட்டை கட்டினார்கள். வாசலில் வரிசையாக வெளியேறினார்கள். யாதா கடைசிக் கூட்டத்தில் வந்தான். எப்போதும்போல் தாழ்ப்பாள் மரத்தின் மேல் சாய்ந்தான். கையை எடுத்துப் பார்த்தான். விரலை முகர்ந்தான். பிறகு யாமீனின் முகத்தைப் பார்த்தான்.

"என்னப்பா, எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் யாமீன்.

"தெரியல. எங்க போக முடியுதோ அங்க."

"ஏன்?"

"எங்க ஆளு கேட்டார். இந்த தடவை உங்களப் பத்தி. சவுல் இங்க வருவாரா? வருவார்னு பதில். இந்த ஊர்க்காரங்க என்னை அவர் கையில ஒப்புக்கொடுப்பாங்களா? ஒப்புக்கொடுப்பாங்கன்னு பதில்."

யாமீனுக்குக் காது சூடானது.

"நாங்களா? உங்க கையால கறி தின்ன நாங்களா? இத எங்ககிட்டயே கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"மாட்டோம்னுதான்."

"அதான் உங்ககிட்ட கேக்கல."

 ஆனாலும் யாமீனை அவருடைய சுபாவம் விடவில்லை.

"சரி, அப்படியே பதில் வந்துச்சுன்னு வெச்சுக்குவோம். ஏன் சும்மா போறீங்க? மூப்பருங்க பிள்ளைங்களப் பிணையாப் பிடிச்சு வெக்கலாம். வாசல்ல என்னைத் தூக்கிட்டு உங்க ஆளைப் போடலாம். அறுநூறு பேர் இருக்கீங்க."

"நாங்களும் அதத்தான் சொன்னோம். அவருதான், இருக்கலாமா போகலாமான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன், இவங்களை அடிக்கிறதுக்கு இல்லன்னுட்டார்." யாதா விரலிலிருந்த எண்ணெயைத் தன் தாடியில் தடவிக்கொண்டான். "நல்ல எண்ணெய்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தாவீது போய்விட்டார் என்று தெரிந்ததும் சவுல் வரவில்லை. நாங்கள் யாரையும் ஒப்புக்கொடுக்கவில்லை. அங்கேதான் எங்கள் ஊரின் தொல்லை ஆரம்பித்தது.

யாமீன் நாராளிடம் சொன்னார். நாராள் கிணற்றடியில் ஒரே ஒருத்தியிடம் சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஊர் கொதித்தது. செய்யாத தப்புக்குப் பேர் வாங்கிவிட்டோம் என்று சிலர். பதில் வந்ததே பொய், ஆசாரியன் பயலுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று சிலர். கர்த்தர் ஒன்று நடக்கும் என்று சொல்லி அது நடக்காமல் போகுமா என்று கேட்டவர்களுக்கு எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. கல்யாண வீட்டில் தொடங்கும் இந்தப் பேச்சு கருமாதி வீட்டில்தான் முடியும். அயலூர்க்காரன் ஒருவன் சந்தையில் "ஓ, கேகிலாவா?" என்று சாதாரணமாகக் கேட்டதற்கே எங்கள் ஆள் ஒருவன் அவன் மூக்கை உடைத்திருக்கிறான்.

யாமீன் இந்தச் சண்டைகளில் வாயே திறப்பதில்லை. வீட்டில் மட்டும், அப்பத்தைப் பிய்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அந்த எண்ணெய் எதுக்கு, நாராள்?"

"சத்தத்துக்குன்னுதான சொன்னாரு."

"சத்தம் எங்கப்பா காலத்துலேருந்து இருக்கு. ராத்திரியில திறந்தா ஊருக்குக் கேக்கக் கூடாதுன்னுதானோ?"

"அப்ப எத்னான்கிட்டயே போய்க் கேளுங்க."

"கேட்டா, அதெல்லாம் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவார்."

நாராள் மாவு பிசைவதை நிறுத்தாமலே கேட்டாள்: "அவரு கெடக்கட்டும். சவுல் வந்து வாசல்ல நிக்கறாரு. 'யாமீனு, கதவு'ங்கறாரு எத்னான். நீங்க திறந்திருப்பீங்களா?"

யாமீன் அப்பத்தைத் தின்று முடித்தார். தண்ணீர் குடித்தார். வெளியே போய் கழுதையைப் பார்த்துவிட்டு வந்தார்.   ஊருக்குத் தன் பேர் போனதுதான் கவலை. இந்த மனிதருக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. அன்று வந்த பதிலுக்குள் தன் கைகளும் இருந்தனவா? தன்னைப் பற்றிய ஒரு சேதி வேறொருவரிடம் சொல்லப்பட்டு, தன்னிடம் வராமலே ஊரைவிட்டுப் போய்விட்டதுபோல இருந்தது அவருக்கு. நாராளும் விடவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது, சண்டை வரும்போதெல்லாம், "திறந்திருப்பீங்களா மாட்டீங்களா, அத மொதல்ல சொல்லுங்க" என்று முடிப்பாள்.

வருடங்கள் போயின. சவுல் ராஜா மலைமேல் நடந்த போரில் இறந்தார். எங்கே போகட்டும் என்று அப்போதும் கேட்டுவிட்டுத்தான் தாவீது எபிரோனுக்கு வந்தார் என்றும், அங்கே அவரை ராஜாவாக்கினார்கள் என்றும் செய்தி வந்தது. எங்கள் ஊரிலிருந்து எபிரோன் அரை நாள் நடை. மூப்பர்களுக்குத் தூக்கம் போயிற்று. உலர்ந்த திராட்சை அடைகளும் திராட்சரசமும் ஏற்றிக்கொண்டு எத்னான் தலைமையில் போனார்கள். திரும்பி வந்தபோது எத்னானின் முகம் வாடியிருந்தது.

"அடிச்சாங்களா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"சாப்பாடு போட்டாங்க."

"திட்டினாங்களா?"

"உங்க பக்கம் மழை எப்படின்னு கேட்டாங்க."

"அந்த விஷயம்?"

"ஒருத்தனும் வாயத் திறக்கல" என்றார் எத்னான். "திட்டித் தொலைச்சிருந்தாக்கூட நாங்க அப்படிப்பட்டவங்க இல்லன்னு சொல்லியிருக்கலாம்."

அந்த ஆற்றாமையில்தான் சத்தியம் பிறந்தது. ஊரைக் கூட்டி, வாசலில் ஆட்டை வெட்டி, மூப்பர்கள் சத்தமாக ஆணையிட்டார்கள்: கேகிலாவின் வாசலுக்குள் அடைக்கலம் என்று வந்தவனை, யார் கேட்டாலும், என்ன ஆனாலும், நாங்கள் ஒப்புக்கொடுப்பதில்லை. கர்த்தர் சொன்ன பதிலுக்கு எதிராகச் சத்தியம் செய்துகொண்ட ஊர் உலகத்திலேயே எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு மூன்று வருடம், ஓடி வருகிற எவனாவது வர மாட்டானா என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் வருடம், கோதுமை களத்துக்கு வந்த சமயம், ரெக்கேம் வந்தான்.

முற்பகல். முப்பது வயது இருக்கும். மரம் வெட்டுகிறவன். பாதங்கள் கிழிந்து, நடந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. கூட வேலை செய்தவன் தலையில் இவன் கோடரி பிடியைவிட்டுக் கழன்று போய் விழுந்துவிட்டது. செத்தவனின் அண்ணன் பழிவாங்கத் துரத்துகிறான். தெரியாமல் கொன்றவன் எபிரோனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கே மூப்பர்கள் முன் நின்று பேசலாம், உயிர் தப்பும். அதற்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி" என்றான் யாமீனிடம். "மூச்சு வாங்கிட்டுப் போயிடறேன்."

அதற்குள் எத்னான் வந்துவிட்டார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நாங்கள் பார்த்ததில்லை.

"போறதா? எங்க போற? உக்காரு! எலேய், தயிர் கொண்டாங்கடா. அத்திப்பழ அடை கொண்டாங்கடா. தம்பி, நீ வந்து சேந்த இடம் கேகிலா. இங்க வந்தவனை நாங்க ஒப்புக்கொடுக்க மாட்டோம்."

"பெரியவரே, எபிரோனுக்குப் போயிட்டா..."

"எதுக்குப் போகணும்ங்கறேன்? நாளைக்கு நானே கழுதை மேல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். ராஜா கண்ணால பாக்கட்டும்."

மாப்பிள்ளைபோல அவனை வாசல் பலகையில் உட்கார வைத்தோம். கால் கழுவினோம். ஊரே சுற்றி நின்று அவன் தயிர் குடிப்பதைப் பார்த்தது. அவன் முகத்தில் பயம் கரைந்து, சிரிப்புகூட வந்தது. ரெக்கேம் என்ற பேரைப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள்.

உச்சி நேரத்தில் எத்னானின் மருமகன் பக்கத்து ஊரான நெத்சீபிலிருந்து ஓடி வந்தான்.

"எட்டுப் பேர் மாமா. நெத்சீப்ல இவனை ஒளிச்சு வெச்சிருக்கோம்னு நெனச்சு ஒரு களத்தையே கொளுத்திட்டாங்க. நெருப்புச்சட்டிய கையிலயே தூக்கிட்டு வராங்க. ஊத்துகிட்ட தண்ணி குடிச்சுட்டு இருக்காங்க. இப்ப வந்துருவாங்க."

 எல்லார் தலையும் ஒரே திசையில் திரும்பியது. கீழே மேற்குச் சரிவில் எங்கள் களங்கள். வருடம் முழுவதற்குமான கோதுமை வெயிலில் காய்ந்து கிடந்தது. காற்றும் அன்று மேற்கிலிருந்து.

எத்னான் தாடியை நீவினார். குரல் இறங்கியிருந்தது.

"நாம சத்தியம் பண்ணது குத்தமில்லாதவனுக்கு. இவன் குத்தமில்லாதவன்னு யாரு பாத்தா? கோடரி கழண்டுச்சுங்கறான். நாம பக்கத்துலயா நின்னோம்? அவங்களும் வரட்டும். பேசிப் பாப்போம். நியாயம் எந்தப் பக்கமோ..." வாக்கியத்தை முடிக்காமல் களத்தைப் பார்த்தார். பிறகு, "எல்லாரும் வாங்கடா, அள்ளுற வரைக்கும் அள்ளி உள்ள கொண்டாருவோம். யாமீனு, கதவு. இவன் வெளிய போயிடாமப் பாத்துக்க. அவங்க வந்ததும் திற."

ஊர் முழுதும் கூடைகளோடு சரிவில் இறங்கி ஓடியது.

யாமீன் சொல்லி நாராளும், நாராள் சொல்லி நாங்களும் அறிந்தது இதுதான். எத்னான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே யாமீனின் கைகள் மரத்தின் மேல் இருந்தன. மரம் ஒரு சாண் நகர்ந்தும் விட்டிருந்தது. தான் இழுத்ததே அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் சத்தம் வரவில்லை. அவர் குனிந்து பொந்தைப் பார்த்தார். எண்ணெய் பளபளத்தது. பத்து வருடத்துக்கு முன் எத்னான் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதற்குப் பிறகு ஒருவரும் சொல்லாமலே, மாதம் தவறாமல், யாமீன் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கைகளை எடுத்துத் தன் அங்கியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"நாராள்" என்று கூப்பிட்டார். அவள் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே நின்றிருந்தாள். "நீ கேட்டியே, திறந்திருப்பேனான்னு."

"இப்பத்தானா அதுக்கு நேரம்?"

"திறந்திருப்பேன்."

நாராள் குடத்தைக் கீழே வைத்தாள்.

யாமீன் ரெக்கேமிடம் திரும்பினார். "எந்திரி. கெளம்பு."

அவன் தயிர்க் கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ஒப்புக்கொடுக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்காங்கன்னு சொன்னாரே."

"சொன்னாரு."

"அப்புறம் என்ன?"

"ஒப்புக்கொடுப்பாங்க. நானும் சேந்துதான்."

"நீங்களுமா? பின்ன ஏன் என்னைப் போகச் சொல்றீங்க?"

"அதுக்காகத்தான்யா சொல்றேன்! நீ இங்க இருந்தா நான் திறப்பேன். நீ இல்லாட்டி எதைத் திறந்து எதைக் குடுக்க முடியும்? எங்க ராஜா அப்படித்தான் போனாரு. எங்களுக்கு நல்லதுதான் பண்ணினாரு, எங்களுக்குத்தான் புரியல."

தன் செருப்புகளைக் கழற்றி அவன் முன்னால் போட்டார். நீண்ட கைகளுக்குப் பொருத்தமாக அவருக்குப் பாதங்களும் பெரியவை. ரெக்கேமின் வீங்கிய கால்களுக்குச் சரியாக இருந்தன. எபிரோனுக்கு எங்கள் ஊரிலிருந்து மூன்று வழி. பெருவழி ஒன்று. திராட்சைத் தோட்டப் படிக்கட்டுகள் வழியாக ஒன்று. குகைகள் இருக்கும் ஓடை வழியாக ஒன்று. மூன்றும் கிழக்கே, களத்தில் இருப்பவர்கள் கண்ணில் படாது.

"நாராள், நீ கூட்டிட்டுப் போய் வழிய விட்டுட்டு வா. எந்த வழின்னு எங்கிட்ட சொல்லாத."

"ஏன்?"

"கேட்டா சொல்லிருவேன்."

பிறகு அவர் செய்தது எங்கள் ஊரில் இன்றுவரை சிரிப்புக்குரிய விஷயம். சுவர்ப் பக்கம் திரும்பி, கல்லில் நெற்றியை முட்டிக்கொண்டு, இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நின்றார். செருப்புச் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பதுகூடத் தன் காதில் விழக் கூடாது என்று. நாராள் திரும்பி வந்து முதுகில் தட்டும் வரை நின்றார். பிறகு இரண்டு கதவுகளையும் சுவரோடு சுவராக அகலத் திறந்து வைத்தார்.

எட்டுப் பேர் வந்தார்கள். செத்தவனின் அண்ணன் முன்னால். அழுது அழுது கண் சிவந்த, களைத்துப்போன ஆள். கையில் நெருப்புச்சட்டி. எத்னான் களத்திலிருந்து மேல் மூச்சு வாங்க ஓடி வந்தார். தாடியெல்லாம் பதர்.

"தம்பி, களத்துக்கிட்ட போகாதீங்க! நமக்குள்ள என்ன சண்டை? ஆளு உள்ளதான் இருக்கான். வாசல்ல உக்கார வெச்சிருக்கோம். வாங்க, கூட்டிட்டுப் போங்க."

எங்கள் காதால் கேட்டோம். கூடையும் கையுமாக நின்ற நாங்கள் எல்லோரும் கேட்டோம். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. எத்னான் வாசலுக்குள் கையை நீட்டிக் காட்டினார். பலகை காலியாக இருந்தது. அதன் மேல் பாதித் தயிரோடு ஒரு கிண்ணம். கேகிலா அன்று ஒப்புக்கொடுத்தது அதைத்தான்.

செத்தவனின் அண்ணன் யாமீனின் அங்கியைப் பிடித்து இழுத்து, நெருப்புச்சட்டியை அவர் முகத்துக்கு நேரே தூக்கினான்.

"எந்தப் பக்கம் போனான்?"

யாமீன் வாயைத் திறந்தார். பின்னால் அவரே சொல்வார், "வாய் தானாத் திறந்துச்சு. உள்ள ஒண்ணும் இல்ல, அதனால ஒண்ணும் வரல."

"தெரியாது."

"வாசல்காரன் நீ. உனக்குத் தெரியாதா?"

"சுவத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"எதுக்கு?"

"உன்கிட்ட சொல்லிரக் கூடாதுன்னு."

அவன் யாமீனின் நெற்றியைப் பார்த்தான். அதில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பிடி தளர்ந்தது. சட்டியை இறக்கினான். "என்ன ஊருய்யா இது" என்றான். கொளுத்திக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமில்லை. பெருவழியில் ஓடினார்கள். அவர்களுக்கும் ஓர் ஆசாரியன் இருந்திருந்தால் எந்த வழி என்று கேட்டிருப்பார்கள்.

கோதுமையை மறுபடி களத்துக்கே சுமந்துகொண்டு போனோம். அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சூடடிக்கும் மாடுகளிடம் மட்டும் பேசினோம். எத்னான் மட்டும் சாயங்காலம் யாமீனிடம் வந்து சத்தம் போட்டார்.

"ஊரு மானத்த வாங்கிட்டியே! வந்தவனைத் துரத்தி விட்டாங்கன்னு பேசுவாங்களே!"

"பேசட்டும் ஐயா. ஒப்புக்கொடுத்தாங்கன்னு பேச மாட்டாங்க" என்றார் யாமீன். கொஞ்சம் தயங்கினார். பிறகு, தன் வாழ்க்கையில் முதல் முறையாக, எத்னானிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, அன்னிக்கு அந்த எண்ணெய் எதுக்குக் குடுத்தீங்க?"

எத்னான் வெகுநேரம் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "சத்தத்துக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். போகும்போது ஏப்பம் வரவில்லை என்று யாரோ சொன்னார்கள், யாரும் சிரிக்கவில்லை.

ரெக்கேம் போய்ச் சேர்ந்தானா என்று ஆலைக்குத் திராட்சை வரும் காலம் வரை தெரியவில்லை. யாமீன் வெறுங்காலோடுதான் வாசலில் நின்றார். வேறு செருப்பு தைத்துக்கொள்ளச் சொன்னால், இருக்கட்டும் என்பார். பிறகு ஒருநாள் எபிரோனிலிருந்து வந்த உப்பு வியாபாரி ஒரு துணிமூட்டையைக் கொடுத்தான். உள்ளே அந்தச் செருப்புகள். அறுந்திருந்த வாரை யாரோ புதிதாக மாற்றித் தைத்திருந்தார்கள். மரம் வெட்டுகிறவனின் முரட்டுத் தையல்.

"யாரு குடுத்தா? ஏன் குடுத்தான்? எப்படி இருந்தான்?" என்று யாமீன் ஆரம்பித்தார். உப்பு வியாபாரி உப்பைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தான்.

அன்றிரவு சாப்பாட்டின்போது நாராளிடம் கேட்டார்: "இப்பவாவது சொல்லேன். எந்த வழியில விட்ட?"

"சொல்ல மாட்டேன்."

"அவன்தான் போய்ச் சேந்துட்டானே."

"நாளைக்கு இன்னொருத்தன் வருவான்" என்றாள் நாராள்.

அவர் சாகும் வரை கேட்டார். அவள் சொல்லவில்லை. ஆனால் ரெக்கேம் போன மறுநாளிலிருந்தே யாமீன் பொந்தில் எண்ணெய் விடுவதை நிறுத்தியிருந்தார். ஒரு மழைக்காலம் போனதும் மரம் முனகத் தொடங்கியது. அடுத்த கோதுமைக்குள் பழையபடி கத்தியது. விடியற்காலையில் யாமீன் அதை இழுக்கும்போது ஊர் முழுக்கக் கேட்கும். நாங்கள் பாயில் புரண்டுகொண்டே, யாமீன் கை மரத்தின் மேல் இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். அவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இழுப்பார்.